மரையாணி இணைப்பும் பொறியியலாளர் பயிற்சியும்: சில குறிப்புகள்

இயந்திரத் தொழிலின் வரலாற்றை எழுதியோர் நீராவி எந்திரத்துக்கும் உருக்கு உற்பத்திக்கும் மின்சாரத்துக்கும் அளித்த இடத்தில் சிறு பங்கினைத்தானும் மரையாணிக்கு அளித்ததில்லை. அந்த எந்திரத்தையும் அந்த உருக்குப் பாலத்தையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது அதுவே என்பது யாவரும் அறிந்தது. யாவரும் அறிந்தது என்பதனாலேயே அது ஆராய்ச்சிக்குரிய பொருளன்று எனக் கொள்ளப்பட்டது போலும். பொறியியற் பட்டப்படிப்பிலே இயந்திர உறுப்புகளின் வடிவமைப்பு எனும் பாடத்தில் ஓரிரு விரிவுரைகள், பரீட்சையில் ஒரு கணக்கு, அத்துடன் விடயம் முடிவுறுகிறது. பட்டம் பெற்று வெளியேறும் பொறியியலாளர் தம் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான மரையாணிகளை வரைபடங்களிற் குறிப்பார். அவற்றுள் ஒன்றையேனும் அளந்து இறுக்கிப் பார்த்தவர் மிகச் சிலரே.

சொற்களைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. பாடநூல்கள் மரையாணி என்றும் சுரை என்றும் கூறுவனவற்றைக் கராச்சுகளிலும் தொழிற்சாலைகளிலும் போல்ற், நட் என்றே வழங்குவர். ஒரே பொருளுக்கு இரு சொல். ஒன்று வரைபவருக்கு, மற்றது இறுக்குபவருக்கு. இச்சொற்பிளவு வெறும் மொழிப்பிரச்சினை மட்டுமன்று என்பதே எமது கருத்து. இணைப்பைப் பற்றிய அறிவும் இவ்வாறே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. விசையைக் கணிப்பவருக்கு ஸ்பனரின் இயல்பு தெரியாது. ஸ்பனரைப் பிடிப்பவருக்குக் கணிப்பின் நோக்கம் சொல்லப்படுவதில்லை. இனிவரும் பகுதிகளில் இறுக்குபவரின் சொற்களையே நாம் பெரிதும் ஆள்கிறோம்.

இப்பிளவுக்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு வேலைத்தளமும் தன் மரையைத் தானே வெட்டிக்கொண்டது. ஒரு தளத்தின் நட் மற்றொரு தளத்தின் போல்ற்றிற் பொருந்தாது. ஹென்றி மோட்ஸ்லியின் வேலைத்தளத்திற் பணியாற்றிய யோசப் விற்வேர்த் 1841ஆம் ஆண்டில், பிரித்தானியக் குடிசார் பொறியியலாளர் நிறுவனத்தின் முன் ஒரு கட்டுரை வாசித்தார். பல வேலைத்தளங்களின் போல்ற்றுகளைச் சேகரித்து, அவற்றின் அளவுகளுக்குப் பொதுவான ஓர் ஒழுங்கை வகுத்து, மரையின் கோணம் 55 பாகையாதல் வேண்டுமென்று முன்மொழிந்தார். 1864இல் பிலடெல்பியாவின் பிராங்கிளின் நிறுவனத்தில் வில்லியம் செல்லர்ஸ் இதனை மறுத்து 60 பாகை மரையொன்றை முன்வைத்தார். விற்வேர்த்தின் வளைந்த முகட்டினைச் செய்தற்குத் தேர்ந்த கைவினைஞரும் சிறப்பான கருவிகளும் வேண்டும். தமது தட்டை முகட்டினைச் சாதாரண தொழிலாளி தானே அமைத்துத் தானே சரிபார்க்கலாம் என்பது அவருடைய வாதம். இவ்விரண்டும் ஏறத்தாழ எண்பதாண்டுகள் இரு உலகங்களாக நிலவின. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய, அமெரிக்க உதிரிப்பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமையால் விளைந்த இடரின் பின்னரே, 1948இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்றும் 60 பாகைக்கு உடன்பட்டன. இன்று உலகெங்கும் பரவியுள்ள மெற்றிக் மரையும் 60 பாகையே.

இவ்வரலாற்றின் எச்சங்களை எமது மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளிற் பணிபுரிவோர் நன்கறிவர். பெல்பாஸ்ட் நகரிலிருந்து வந்த ‘சிரொக்கோ’ உலர்த்திகள் போன்ற பழைய பிரித்தானிய இயந்திரங்களின் மரை ஒருவகை. பின்வந்த யப்பானிய, இந்திய இயந்திரங்களின் மரை வேறொருவகை. அரை அங்குல விற்வேர்த் போல்ற்றில் ஓர் அங்குலத்துக்கு 12 புரிகள். அதே பருமனான அமெரிக்கப் போல்ற்றில் 13. ஒன்றின் நட் மற்றதில் ஓரிரு சுற்று ஏறி இறுகிவிடும். இறுகியது நட்டா, மரையா என்பதை உணரும் கை அனுபவத்தால் மட்டுமே வரும். இவ்வறிவை எந்தப் பட்டமும் அளிப்பதில்லை.

நியமப்படுத்தலினால் போல்ற் மலிந்தது. கடையில் நிறுத்து விற்கும் பண்டமாயிற்று. பண்டம் மலிந்ததும் அதனைப் பற்றிய அறிவும் மலிவானதெனக் கருதப்பட்டது. எனவே போல்ற் உண்மையில் என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

போல்ற் இரு தகடுகளுக்கூடாகச் செருகப்பட்ட முளை என்றே பலர் எண்ணுவர். அவ்வாறன்று. அது ஒரு வில். நட்டைத் திருகுந்தோறும் போல்ற் நீள்கிறது. நீண்டது சுருங்க முயல்கிறது. அம்முயற்சியே தகடுகளை ஒன்றோடொன்று நெரிக்கின்றது. இவ்வாறு முன்கூட்டியே ஏற்றிவைக்கப்படும் இழுவையை நாம் முன்னிழுவை என்போம். ஓர் உதாரணம்: 12 மில்லிமீற்றர் போல்ற், அதன் தலையில் 8.8 எனும் குறி. இக்குறியின் முதலெண், அவ்வுருக்கின் முறிவுத் தகைப்பு சதுர மில்லிமீற்றருக்கு 800 நியூற்றன் என்பதைக் காட்டும். இரண்டாம் எண், அதன் பத்தில் எட்டுப் பங்கான 640இல் உருக்கு நிலையாக நீளத் தொடங்கும் என்பதைக் காட்டும். இத்தகைய போல்ற் ஒன்றை முறையாக இறுக்கினால் அதில் ஏறும் முன்னிழுவை சுமார் 37,000 நியூற்றன், அதாவது மூன்றே முக்கால் தொன் நிறைக்குச் சமன். விரற்பருமனான ஓர் உருக்குத் துண்டு ஒரு பாரவூர்தியின் நிறையைத் தன்னுள் அடக்கி வைத்திருக்கின்றது எனலாம்.

அவ்வளவு விசைக்கு அது எவ்வளவு நீள்கிறது? தகடுகளின் மொத்தத் தடிப்பு 50 மில்லிமீற்றராயின், நீட்சி ஒரு மில்லிமீற்றரின் பத்திலொன்று மாத்திரமே. மயிரிழையினளவு. இணைப்பின் முழு உயிரும் அந்த மயிரிழையில் தங்கியுள்ளது. தகட்டின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய மேடுகள் காலப்போக்கில் நசுங்கும். அதனால் ஒரு மில்லிமீற்றரின் நூறிலொன்று தாழ்வு ஏற்படுவது இயல்பு. 50 மில்லிமீற்றர் தடிப்பில் இத்தாழ்வு முன்னிழுவையிற் பத்திலொரு பங்களவை விழுங்கும். தடிப்பு 10 மில்லிமீற்றராயின் நீட்சியே நூறில் இரண்டுதான். அதே தாழ்வு பாதியை அண்மிய இழப்பாகின்றது. மெல்லிய தகட்டிலே குட்டைப் போல்ற்றைப் போட்டு, இடையிலே தடித்த வர்ணமும் பூசி, ‘நன்றாக இறுக்கினோம், எப்படியோ தளர்ந்துவிட்டது’ என்று முறையிடுவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் வேண்டும்.

இன்னொன்று, அனுபவசாலிகளையும் வியக்க வைப்பது. போல்ற் முறிந்தால் ‘மிகையாக இறுக்கிவிட்டான்’ என்பதே வேலைத்தளத்தின் உடனடித் தீர்ப்பு. இறுக்கும்போதே முறிந்தால் அது சரி. மாதக்கணக்கில் வேலை செய்தபின் முறிந்ததாயின், பெரும்பாலும் அது போதியளவு இறுக்கப்படாத போல்ற். நன்கு நெரிக்கப்பட்ட இணைப்பிலே வெளியிலிருந்து வரும் விசையின் பெரும்பகுதி தகடுகளின் நெரிவைக் குறைப்பதிலேயே செலவாகும். போல்ற்றிற்குச் செல்வது சிறுபங்கே. நெரிவு போய்விட்டால் ஏறியிறங்கும் விசை முழுவதும் போல்ற்றையே தாக்கும். மரையின் முதற்புரி தனியே மொத்தச் சுமையில் மூன்றிலொரு பங்களவைத் தாங்குவதால், வெடிப்பு அங்கு தொடங்கும். நிலையான சுமைக்கு வலிமைமிக்க அதே போல்ற் மீளமீள வரும் சுமைக்கு அதன் பத்திலொரு பங்கினையே தாங்கவல்லது. இறுக்கியவனைக் குற்றஞ்சாட்டும் வழக்கம் இவ்விடத்தில் நேர்எதிரான தவறைச் செய்கின்றது: அடுத்தமுறை அத்தொழிலாளி அச்சத்தினால் இன்னும் குறைவாகவே இறுக்குவான்.

முன்னிழுவையே முக்கியமெனின் அதனை அளந்து இறுக்கலாமே என்று கேட்கலாம். இடர் இங்கேதான் உள்ளது. கைக்குப் புலப்படுவது முறுக்கம், வேண்டுவது இழுவை. இரண்டுக்கும் இடையே உராய்வு நிற்கிறது. திருகும்போது நாம் செலவிடும் முறுக்கத்தில் ஏறத்தாழப் பாதி நட்டின் அடியில் உராய்வாகப் போகிறது. பத்தில் நான்கு பங்கு மரையில் உராய்வாகப் போகிறது. எஞ்சிய பத்திலொரு பங்குதான் போல்ற்றை நீட்டுகிறது. இதனாலேயே உராய்விற் சிறு மாற்றம் ஏற்பட்டாலும் இழுவை பெரிதும் மாறுபடும். உலர்ந்த போல்ற்றிற்குக் குறித்த முறுக்கத்தை எண்ணெய் பூசிய போல்ற்றிற்குக் கொடுத்தால், இழுவை மூன்றிலொரு பங்கு கூடலாம். சிறந்த மசகுக் களிம்பு பூசினால் இருமடங்கை அண்மி, போல்ற் நீண்டு கெடலாம். விலையுயர்ந்த முறுக்க ஸ்பனரைப் பிடித்து இறுக்கினாலும் கிடைக்கும் இழுவை, கருதிய அளவினின்றும் 25 அல்லது 30 வீதம் கூடியோ குறைந்தோ அமையும் என்பதே துறையினரின் பொதுவான மதிப்பீடு. கருவி பிழையற்றது, அது அளப்பது நமக்கு வேண்டியதையன்று. எண்ணெய்ப் புட்டி என்பது வடிவமைப்பின் ஓர் உறுப்பு என்பதை வரைபடங்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன.

தளர்வைப் பற்றிய கதை இன்னும் பாடம் நிறைந்தது. அதிர்வினால் நட் கழலும் என்பது தொன்றுதொட்ட அனுபவம். அதற்கு மருந்தாகக் கண்டது ஸ்பிரிங் வாசர். ஜேர்மன் பொறியியலாளர் கெர்ஹார்ட் யுங்கர், 1969இல் அமெரிக்க வாகனப் பொறியியலாளர் சங்கத்தின் வாயிலாக வெளியிட்ட ஆய்விலே, போல்ற்றின் அச்சுத்திசையில் வரும் அசைவினும் அச்சுக்குக் குறுக்காக வரும் அசைவே நட்டைக் கழற்றுகிறதென்று காட்டினார். தகடுகள் பக்கவாட்டில் வழுக்கும்போது நட்டைப் பிடித்திருக்கும் உராய்வு அக்கணத்தில் அற்றுப்போகிறது. உராய்வற்ற சாய்தளத்திலிருக்கும் பாரம் போல நட் தானே பின்னோக்கித் திரும்புகிறது. அவர் அமைத்த குறுக்கதிர்வுப் பொறி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அதிலே ஸ்பிரிங் வாசர் இட்ட இணைப்பு வாசர் எதுவுமில்லாத இணைப்பைப் போன்றே விரைந்து தளர்வதைக் கண்ணாற் காணலாம். போல்ற் முறையாக இறுகுமுன்னரே அவ்வாசர் தட்டையாகிவிடும், அதன்பின் பூட்டும் ஆற்றல் அதற்கில்லை என்று நாசாவின் 1990ஆம் ஆண்டு இணைப்பாணிக் கைந்நூலும் வெளிப்படையாகக் கூறுகின்றது. இருந்தும் அவ்வாசர் உலகெங்கும் விற்பனையாகிறது, வரைபடங்களிலும் இடம்பெறுகிறது. அதனை இடுபவர் பெரும்பாலும் படிக்காத மெக்கானிக் அல்லர். முந்திய வரைபடத்தைப் பார்த்துப் படியெடுத்த பட்டதாரியே.

அறிவின் இப்பிளவு உயிர்களைப் பறிப்பதும் உண்டு. இரு விசாரணைகள் இதனை நன்கு விளக்குவன.

1990 யூன் 10ஆம் நாள், பேர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் எயர்வேய்ஸ் 5390ஆம் இலக்க விமானம் 17,300 அடி உயரத்தில் இருக்கையில், விமானியின் முன்கண்ணாடி பெயர்ந்து பறந்தது. தலைமை விமானியின் உடல் பாதிக்குமேல் வெளியே இழுக்கப்பட்டது. விமான ஊழியர்கள் அவரது கால்களைப் பற்றிக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் விமானத்தை இறக்கினார். எல்லோரும் உயிர்தப்பினர், தலைமை விமானி உட்பட. அக்கண்ணாடி அதற்கு முந்திய இரவுப்பணியில் மாற்றப்பட்டிருந்தது. அதனைப் பிடித்த 90 போல்ற்றுகளில் 84 விட்டம் குறைந்தவை. எஞ்சிய ஆறும் நீளம் குறைந்தவை. விட்ட வேறுபாடு ஒரு மில்லிமீற்றரின் மூன்றில் இரண்டு பங்கு. பணிமுறை மேலாளரே ஆட்பற்றாக்குறையினால் அவ்வேலையைத் தனியே செய்தார்; பாகப்பட்டியலைப் பாராது, கழற்றிய பழைய போல்ற்றுடன் கண்ணாற் பொருத்திப் பார்த்து, மங்கிய ஒளியிலிருந்த தட்டிலிருந்து எடுத்தார். பழைய போல்ற்றுகளே நீளத்தில் தவறானவை. ஆயினும் அவை ஆண்டுக்கணக்கில் தாங்கியிருந்தன. சரியான அளவு இதுவெனக் களஞ்சியப் பொறுப்பாளர் கூறியும் அது கேட்கப்படவில்லை. கண்ணாடி வெளிப்புறமிருந்து பொருத்தப்படுவதால் உள்ளமுக்கம் அதனை வெளியே தள்ளுகிறது. முழுப் பாரமும் அந்தச் சிறு ஆணிகள் மீதே. அப்படியிருந்தும் அவ்வேலையை இரண்டாமவர் சரிபார்க்கவேண்டும் எனும் விதி இருக்கவில்லை. இவ்வேலை சாதாரணமானது என்ற எண்ணம் ஒரு மனிதனின் மூளையில் மட்டுமன்றி விதிகளிலும் உறைந்திருந்தது.

மற்றையது இருப்புப்பாதை பற்றியது. 2002 மே 10ஆம் நாள் இலண்டனுக்கு வடக்கே பொற்றர்ஸ் பாரில் புகையிரதம் தடம்புரண்டு எழுவர் இறந்தனர். வண்டியை ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பும் அசையும் தண்டவாளங்களை உரிய இடைவெளியில் வைத்திருக்கும் குறுக்குச் சட்டங்களின் நட்டுகள் கழன்றிருந்தன. பராமரிப்பு நிறுவனம் முதலில் நாசவேலை எனும் ஐயத்தை எழுப்பியது; விசாரணை அதற்குச் சான்று காணவில்லை. ஐந்தாண்டுகளின் பின், 2007 பெப்ரவரி 23ஆம் நாள், வட இங்கிலாந்தின் கிறேறிக் என்னுமிடத்தில் மணிக்கு 95 மைல் வேகத்தில் வந்த வண்டி அதே வகையான குறுக்குச் சட்டங்களின் இணைப்புத் தளர்ந்தமையால் தடம்புரண்டு ஒருவர் இறந்தார். ஐந்து நாட்களுக்கு முன் நடந்திருக்கவேண்டிய பரிசோதனையொன்று தவறவிடப்பட்டிருந்தது. பத்திரிகைகள் அதனையே பெரிதுபடுத்தின. விசாரணை அறிக்கையோ மேலும் ஆழமாகச் சென்றது. அவ்விணைப்புகளின் மேல் உண்மையில் எவ்வளவு விசை தாக்குகின்றது, அதைத் தாங்க எவ்வளவு நெரிவிசை வேண்டும் என்பதே நிறுவன மட்டத்திற் போதியளவு விளங்கிக்கொள்ளப்படவில்லை என்று அது கண்டது. பாதையில் நடந்து நட்டுகளை மீளமீள இறுக்கியவர்கள், வடிவமைப்பின் குறைபாட்டைத் தங்கள் ஸ்பனரால் ஈடுசெய்து வந்தனர் எனலாம். மீளமீளத் தளர்கிறது என்பதே ஒரு செய்தி. அச்செய்தியைக் கேட்டுப் பொருள்கொள்ளக்கூடிய பொறியியலாளர் மறுமுனையில் இருக்கவில்லை.

இத்தகைய அனுபவங்களின் வழியே உலகில் பயிற்சி முறைகள் சிறிது சிறிதாக உருவாகியுள்ளன. ஜேர்மன் பொறியியலாளர் சங்கம் 1977இல் வெளியிட்ட 2230ஆம் இலக்க வழிகாட்டி, உயர்தகைப்பு மரையாணி இணைப்புகளின் கணிப்பை ஒழுங்குபடுத்தியது. அதன் திருந்திய பதிப்புகள் 2003இலும் 2015இலும் வந்தன. இறுக்கும் தொழிலில் ஈடுபடுவோருக்கு வேண்டிய தகைமைகளை வகுக்கும் தனி வழிகாட்டியும் அந்நாட்டில் உண்டு. அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கம் அமுக்கக் குழாய்களின் விளிம்பிணைப்புகளுக்காக 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, இறுக்குவோரின் பயிற்சிக்கும் தகுதிச் சான்றுக்கும் ஒரு முழுப் பின்னிணைப்பை ஒதுக்கியது. அதே 2013இல் ஐரோப்பிய நியமமொன்றும் இத்தகைய வேலையாட்களின் தேர்ச்சியை வரையறுத்தது. விளிம்பிணைப்பை இறுக்குவது கற்றுத் தேறவேண்டிய தொழில் என்பது எழுத்தில் ஏற்கப்பட விற்வேர்த்தின் காலந்தொட்டு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் சென்றிருக்கிறது!

இவை வரவேற்கத்தக்கவை. எனினும் ஒரு குறை எமக்குப் புலப்படுகின்றது. பயிற்சிகளும் பெரும்பாலும் இரண்டாகவே பிரிந்து நடக்கின்றன. பொறியியலாளருக்குக் கணிப்பு வகுப்பு. தொழிலாளருக்கு வரிசைமுறையும் முறுக்க அட்டவணையும். முன்னவர் எண்ணெய்ப் புட்டியைத் தொடுவதில்லை. பின்னவருக்கு ஏன் என்பது சொல்லப்படுவதில்லை. அமெரிக்காவின் உருக்குக் கட்டடத் துறையில் நிலவும் ஒரு வழக்கம் இதற்கு நல்ல மாற்று எனலாம். அங்கு 1947இல் நிறுவப்பட்ட இணைப்பாராய்ச்சிச் சபையின் விதிகளின்படி, இறுக்குமுன் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் குறைந்தது மூன்று போல்ற்றுகளை இழுவைமானியில் இட்டுச் சோதித்தல் வேண்டும். வேலை நடக்கும் இடத்திலேயே, இறுக்கும் தொழிலாளியின் கையாலேயே, மேற்பார்வையாளரின் கண்முன்னே அது நடைபெறுகிறது. எண் இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிகின்றது.

எமது பல்கலைக்கழகங்களுக்கும் தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கும் விலையுயர்ந்த இழுவைமானி வேண்டுமென்பதில்லை. போல்ற் ஒரு வில் என்பதால் அதுவே தன் அளவுகோல். முழுநீளமும் மரை வெட்டிய 12 மில்லிமீற்றர் 8.8 போல்ற் ஒன்றை 100 மில்லிமீற்றர் நீளமான தடித்த உருக்குக் குழாயினூடாகச் செருகி இறுக்கினால், முறையான முன்னிழுவையில் அது ஐந்திலொரு மில்லிமீற்றர் நீளும். இரு முனைகளையும் சமமாகத் தீட்டி வைத்தால், நூறிலொரு மில்லிமீற்றரைக் காட்டும் சாதாரண நுண்மானியால் இவ்விழுவையை ஐந்து வீதப் பிழையுடன் அறியலாம். முறுக்க ஸ்பனரைவிட இது திருத்தமானது.

முதலில் ஒவ்வொருவரும் தமது கைப்பழக்கத்தின்படி இறுக்க வேண்டும். நீட்சியை மற்றொருவர் அளந்து மறைவாகக் குறிக்க வேண்டும். 30 சதமமீற்றர் நீளமான ஸ்பனரின் நுனியில் 12 மில்லிமீற்றர் போல்ற்றிற்குத் தேவையான அழுத்தம் 30 கிலோ நிறையளவு. 6 மில்லிமீற்றர் போல்ற்றிற்கோ மூன்றரைக் கிலோ மாத்திரமே. இவ்வாறான ஒரு வகுப்பில் நாமும் பங்குபற்றினோம். நெடுங்காலம் ஸ்பனர் பிடித்தவரும் அன்று வந்த மாணவரும் ஒரே வகையில் தவறுவதைக் கண்டோம்: சிறியதை மிகையாகவும் பெரியதைக் குறைவாகவும். அடுத்து அதே முறுக்கத்தை உலர்ந்த போல்ற்றிற்கும் எண்ணெய் பூசியதற்கும் கொடுத்து அளத்தல். பின்னர் முறுக்கத்தை விட்டுக் கோணத்தைப் பிடித்தல்: தகடுகள் நன்கு ஒட்டும்வரை இறுக்கியபின், விட்டத்தின் நான்கு மடங்குக்கு மேற்படாத நீளமுள்ள உருக்குக் கட்டமைப்புப் போல்ற்றை மேலும் மூன்றிலொரு சுற்றும், நான்கு முதல் எட்டு மடங்கு வரையானதை அரைச் சுற்றும் திருப்பும் முறை. இங்கு உராய்வின் ஆட்சி பெரிதும் ஒழிகிறது, ஏனெனில் சுற்று நேரே நீட்சியாகின்றது. சுண்ணாம்புக் கட்டியால் நட்டில் ஒரு கோடு கீறுவதே இதற்குக் கருவி.

இவ்வகுப்பில் மாணவரையும் தொழிலாளரையும் ஒரே மேசையில் அமர்த்துதல் வேண்டும் என்பதை வற்புறுத்துகிறோம். எம்முடன் அமர்ந்திருந்த முதிய மெக்கானிக் ஒருவர், எண்ணெய் பூசிய போல்ற்றின் நீட்சியைப் பார்த்துவிட்டு, தாம் பல்லாண்டுகளாக ஒரே வகை இயந்திரத்தின் போல்ற்றுகளை எண்ணெய் தோய்த்தே இறுக்கி வந்ததாகவும், அவற்றிற் சில காரணமின்றி நீண்டுபோனதாகவும் கூறினார். அவ்வியந்திரத்தின் கைந்நூலில் உலர்ந்த போல்ற்றிற்கான முறுக்கமே தரப்பட்டிருந்தது. உலர்ந்தது என்ற சொல் மட்டும் அதில் இருக்கவில்லை. கைந்நூலைத் தயாரிக்கும் பொறுப்பிலிருந்த இளைஞரும் அன்று அதே மேசையில் இருந்தார். தமது குறிப்பேட்டைத் திறந்து அச்சொல்லை எழுதிக்கொண்டார்.